என் பெயர் வராத வரி

அந்த வரியை எழுதியவன் நான். சம்பளக் கணக்குப் போடும் ஒரு மென்பொருளின் ஜாவா கோடில், வங்கி சர்வரோடு இணையும் இடத்தில், ‘ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்’ என்பதற்கு நேரே ‘நோ’ என்று போட்டேன். போட்டது 2019 நவம்பரில். 2022-ல் ஒரு தணிக்கையில் அது பிடிபட்டபோது, எழுதியது வேறொருவன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆக, இரண்டு குற்றம். முதலாவது தொழில்நுட்பக் குற்றம், சொல்வது எளிது. அதிலிருந்தே தொடங்குகிறேன். எளிதானதை முதலில் எடுத்துக்கொண்டு கஷ்டமானதைத் தள்ளிப்போடுவது என் பழைய வழக்கம், அது இங்கேயும் வருகிறது.

அப்போது நான் வேலை பார்த்தது பெங்களூரில் ஒரு சிறிய கம்பெனி. பீனியா, பொம்மசந்திரா பக்கத்து ஆலைகளுக்கும், ஓசூர் ரோட்டை ஒட்டிய கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கும் எங்கள் மென்பொருள்தான் சம்பளம் போட்டது. மாதம் முடிந்ததும் வருகைப்பதிவு, ஓவர்டைம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் கூட்டிக் கழித்து, தொழிலாளியின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை என்று வரிசையாக ஒரு ஃபைல் உருவாகும். அது கம்பெனியின் வங்கிக்குப் போக வேண்டும். அதற்கென்று வங்கி ஒரு எஸ்எஃப்டிபி சர்வர் கொடுத்திருக்கும். எங்கள் கோட் அதில் ஃபைலை வைத்துவிட்டு வரும். பணம் யாருக்குப் போனது, யாருக்குத் திரும்பியது என்று வங்கி ஒரு பதில் ஃபைல் வைக்கும். நடுவில் மனிதக் கை படாது. கை படாத வேலை என்பதால்தான், யார் யாரை எதை வைத்து நம்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே கோடில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

ஃபைல் அனுப்பும் இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்த அபய் பூஷண், எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எஃப்டிபிக்கான முதல் வரைவை எழுதினார். அந்த முறையில் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும். அன்றைய வலைப்பின்னலில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்கள், அது போதுமானதாக இருந்தது. 1995-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைச் சேர்த்ததைப் பார்த்த தாத்து உலோனென் என்ற ஆய்வாளர் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறையை எழுதினார். எஃப்டிபிக்கு 21-ஆம் போர்ட், டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஐ மின்னஞ்சல் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார். எஸ்எஃப்டிபி ஓடுவது அந்த எஸ்எஸ்ஹெச்சுக்குள். பெயரைப் பார்த்து இது எஃப்டிபியின் வாரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. டிஎல்எஸ் பாதுகாப்புப் போட்ட எஃப்டிபி தனி, அதற்கு எஃப்டிபிஎஸ் என்று பெயர். என் முதல் வேலையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 990-ஆம் போர்ட்டில் எஸ்எஃப்டிபி சர்வரைத் தேடியிருக்கிறேன். அது தெரியாமல் செய்தது. ‘நோ’ போட்டது தெரிந்து செய்தது.

எஸ்எஸ்ஹெச் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. உள்ளே வருபவர் யார் என்று சர்வர் பார்க்க வேண்டும். வந்து சேர்ந்திருப்பது சரியான சர்வர்தானா என்று வருபவர் பார்க்க வேண்டும். இணைப்பு தொடங்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பரிமாற்றத்தின் மேல் சர்வர் தன் ஹோஸ்ட் கீயால் கையெழுத்திடும். கையெழுத்துப் போட்ட கீ நாம் ஏற்கெனவே குறித்துவைத்திருப்பதுதானா என்று நம் கோட் ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் நிற்க வேண்டும். நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு ‘நான்தான் வங்கி’ என்று சொன்னால் அவன் மாட்டும் இடம் இது ஒன்றுதான். நான் அணைத்தது இதை.

நான் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கன்னட-ஆங்கில அகராதியை 1894-ல் வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக. ஆட்டோக்காரரிடம் கிட்டெல் நகர் என்று சொல்லிப்பாருங்கள், “அது எங்க சார்?” என்பார். பெயர் மாறியது, தெருவும் ஆட்களும் அப்படியே இருக்கிறார்கள். சர்வரில் ஆபத்து இதற்குத் தலைகீழாக வருகிறது. பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கும், பதில் சொல்கிற இயந்திரம் வேறாக இருக்கும்.

2019 நவம்பர் 7, வியாழக்கிழமை. அம்மாவைப் பிலோமினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரை நாள் லீவு போட்டு மதியமே வீட்டுக்கு வந்திருந்தேன். தேதியையும் கிழமையையும் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று நடப்பில் இருந்த 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடா சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஏழாம் நாள் முடிவதற்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆயிரமும் அதற்கு மேலும் என்றால் பத்தாம் நாள் வரை அவகாசம் இருந்தது. அன்று ஃபைல் போகாமல் நின்ற வாடிக்கையாளர் ஆயிரத்துக்குக் கீழே. நெஃப்டும் அப்போது இரவு பகலாக ஓடவில்லை, அந்த வசதி 2019 டிசம்பர் 16-ல்தான் வந்தது. அதுவரை வேலைநாளில் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். கடைசித் தொகுப்பைத் தவறவிட்டால், வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் தொழிலாளர்களுக்கு மறுநாள்தான் பணம். வியாழன் என்றால் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் நொவேனா. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பூசை நடக்கும், மெழுகுவர்த்திக் கடைகள் ரோட்டுக்கு வந்துவிடும், சாயங்காலம் எங்கள் பேட்டையிலிருந்து வண்டி வெளியே போகாது. கோரமங்கலா ஆபீசுக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குப் பாதி வழியில் நிற்பேன். ஆகவே வீட்டிலேயே, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன்.

மாலை ஐந்தரை இருக்கும், வாடிக்கையாளர் கம்பெனியின் எச்ஆர் அம்மா போன் செய்தார். “சார், சம்பள ஃபைல் போகலைங்க. ரெண்டாவது ஷிஃப்ட் பொண்ணுங்க வந்து கேக்குறாங்க.” லாகைப் பார்த்தேன். ஒரே வரி, அதில் குழப்பமே இல்லை: ஹோஸ்ட் கீ மாறியிருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய ஜேஎஸ்சிஎச் லைப்ரரி தன் கடமையைச் செய்துவிட்டு நின்றிருந்தது. வங்கி புது இயந்திரத்துக்கு மாறியிருக்கலாம். அல்லது நடுவில் ஒருவன் இருக்கலாம். பெரும்பாலும் முதலாவதுதான். எப்போதாவது இரண்டாவதாக இருக்கும் என்பதற்குத்தான் அந்தச் சோதனையே இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். வங்கியை நமக்குத் தெரிந்த எண்ணில் கூப்பிட்டு, புதுக் கீயின் ஃபிங்கர்பிரின்ட்டை வாங்கி, சர்வர் காட்டுவதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும். கூப்பிட்டேன். உதவி மையத்தில் எடுத்தவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணித் தரட்டுமா சார்?” என்றார். அந்த இணைப்பில் பாஸ்வேர்டே கிடையாது. புகார் எண் ஒன்று தந்தார், தொழில்நுட்பக் குழு காலை பத்து மணிக்கு மேல் பேசும் என்றார்.

இதுவரை படித்தவர்கள், பாவம், வேறு வழியில்லாமல் ‘நோ’ போட்டிருக்கிறான் என்று நினைக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வேறு வழி இருந்தது. அந்தக் கம்பெனியின் அக்கவுன்டன்ட், வங்கியின் கார்ப்பரேட் நெட்பேங்கிங்கில் நுழைந்து அதே ஃபைலைக் கையால் ஏற்றியிருக்கலாம். எஸ்எஃப்டிபி வருவதற்கு முன்பு மாதாமாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். நான் போனில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழு மணிக்குள் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால், ‘இதுக்குத்தான் உங்க சாஃப்ட்வேர் வாங்கினோமா?’ என்று எச்ஆர் அம்மா என் மேனேஜரிடம் கேட்பார். அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காகத்தான், சில நூறு பேரின் பெயரும் கணக்கு எண்ணும் சம்பளமும் யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் அனுப்பினேன். பெண்கள் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள் என்பது உண்மை. நான் அவசரப்பட்டது அவர்களுக்காக என்பது உண்மையில்லை.

ஏழு மணிக்கு முன் ஃபைல் போய்விட்டது. மறுநாள் ஆபீஸ் குழுவில் மேனேஜர் என்னைப் பாராட்டி எழுதினார், எல்லோரும் கை தட்டினார்கள். டிக்கெட்டை மூடும்போது ‘லைப்ரரியில் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். லைப்ரரியில் ஒரு கோளாறும் இல்லை. வங்கி கூப்பிட்டதும் கீயைச் சரிபார்த்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடுவதாக மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். வங்கி கூப்பிடவும் செய்தது. புது டேட்டா சென்டருக்கு மாறியதாகச் சொல்லி, ஃபிங்கர்பிரின்ட்டையும் மெயிலில் அனுப்பினார்கள். அந்த மெயிலுக்கு ‘நன்றி’ என்று பதில் போட்டேன், அவ்வளவுதான். வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றை இப்போது ஏன் தொட வேண்டும் என்று தோன்றியது.

மனசாட்சியைச் சமாதானப்படுத்த ஒரு தொழில்நுட்ப வாதம் வைத்திருந்தேன், அதில் பாதி உண்மை. பாஸ்வேர்டு போட்டு நுழைகிறவர்களுக்குத்தான் நடுவில் இருப்பவனால் பெரிய ஆபத்து, அவன் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு நிஜ சர்வருக்குள்ளேயே போய்விடுவான். நாங்கள் நுழைந்தது தனிச்சாவியால். சாவி போடும் கையெழுத்து அந்தக் குறிப்பிட்ட இணைப்போடு கட்டப்பட்டது, அதை வாங்கி வேறு இணைப்பில் காட்ட முடியாது. ஆகவே எங்கள் பெயரில் அவனால் வங்கிக்குள் போக முடியாது. இதுவரை சரி. ஆனால் அவன் வங்கிக்குள் போகவே வேண்டாமே. போலி சர்வரை வைத்துக்கொண்டு, எந்தச் சாவி வந்தாலும் ‘சரி, உள்ளே வா’ என்று சொல்லிவிட்டால் போதும். ஃபைலை நாங்களே அவனிடம் கொண்டுபோய் வைப்போம். அவன் தரும் பதில் ஃபைலை எடுத்து வந்து எல்லோருக்கும் பணம் போய்விட்டது என்று திரையில் காட்டுவோம். ஃபைலுக்குள்ளேயே வங்கியின் பிஜிபி கீயால் பூட்டுப் போட்டு அனுப்பிய வாடிக்கையாளர்களுக்கு இந்த அளவு ஆபத்து கிடையாது. அந்த வசதிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் எடுக்கவில்லை.

அப்படி ஏதாவது நடந்ததா என்று கேட்டால், நடக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஜேஎஸ்சிஎச் லைப்ரரிக்கு நாமாக ஒரு லாகர் எழுதிக் கொடுக்காவிட்டால் அது வாயே திறக்காது. நான் கொடுக்கவில்லை. எந்த நாளில் எந்தக் கீ எதிரே வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் குறிப்பும் கிடையாது. பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததால் நிஜ வங்கியோடுதான் பேசியிருக்கிறோம் என்று ஊகிக்கலாம், அதுவும் ஊகம்தான். சோதனையை மட்டும் அணைத்தேன் என்று நினைத்தேன், சாட்சியையும் சேர்த்து அணைத்திருக்கிறேன்.

பிறகு அந்த வரி பெருகியது. எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக ஒரு இணைப்புக் கோட் எழுதும்படி சொன்னார்கள், என்னிடம் ஓடிக்கொண்டிருந்த கோடையே எடுத்துப் போட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு, இணைப்புப் பிரச்சினை வந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று குறிப்பும் நானே எழுதினேன். ஹோஸ்ட் பெயர் ஐபியாக மாறுகிறதா, 22-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, சாவி எந்த வடிவத்தில் இருக்கிறது (2018-ல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.8 முதல் சாவிகள் புது வடிவத்தில் உருவாகின்றன, பழைய ஜேஎஸ்சிஎச் அதைப் பார்த்து ‘செல்லாத சாவி’ என்று சொல்லிவிடும், இதில் நேரம் தொலைத்தவர்கள் ஏராளம்) என்றெல்லாம் நல்ல குறிப்புதான். அதில் ஒரு படி: ‘ஹோஸ்ட் கீ பிழை வந்தால் செக்கிங்கை நோ போடவும்.’ அதைப் பார்த்து எத்தனை பேர் எங்கெங்கே போட்டார்களோ.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவன் ஒருவன்தான். கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் பையன். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வேலைக்காக மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்துபோகிற குடும்பங்களில் ஒன்று அவனுடையது. எங்களிடம் சேர்ந்து கொஞ்ச நாளில் கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். கோட் ரிவியூவில் ஒருநாள் கேட்டான்: “அண்ணா, இங்க ‘நோ’ன்னு இருக்கே. எதிர்ல யாருன்னு பாக்காமயே ஃபைலக் குடுத்துருவோமே, சரியா?” சரியான கேள்வி. நான் சொன்ன பதில்: “ப்ரொடக்ஷன்ல ஓடுதுல்ல? ஓடுறதத் தொடாத தம்பி.” அவன் அதோடு விட்டுவிட்டான். சில மாதம் கழித்து, கோட் முழுவதையும் ஒழுங்குபடுத்தும் வேலை அவனுக்கு வந்தது. டேப் இருந்த இடத்தில் ஸ்பேஸ், பழைய பேக்கேஜ் பெயருக்குப் பதில் புதுப் பெயர். அர்த்தம் எதையும் மாற்றாத வேலை. ஆனால் ஒவ்வொரு வரியும் அவன் கமிட்டில் புதிதாகப் பதிவாகிவிடும்.

2022-ல் ஒரு வாடிக்கையாளரின் இணைப்பு நின்றது. இந்த முறை பிழைச் செய்தி இரண்டே சொல்: ஆத் ஃபெயில். சாவி அதே, யூசர் பெயர் அதே, நேற்று வரை ஓடியது. நான் உடனே கைகாட்டியது ஃபயர்வாலை. எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர் மண்டியாக்காரர், பொறுமைசாலி. “நம்ம கடெ ஏனூ ப்ராப்ளம் இல்லா சார். போர்ட் ஓபன் இதே, பேனரும் பந்திதே நோடி” (நம்ம பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை, போர்ட் திறந்திருக்கிறது, பேனரும் வந்திருக்கிறது பாருங்கள்) என்று டெல்நெட் போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஃபயர்வால் பிரச்சினைதான் என்று மேனேஜரையும் சேர்த்து ஒரு மெயில் போட்டேன். அவர் பாவம், ஒன்றும் இல்லாத இடத்தில் மறுபடி மறுபடி தேடினார். அடுத்து, சாவி கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி வாடிக்கையாளரைப் புதுச் சாவி உருவாக்க வைத்தேன். புதுச் சாவியை வங்கியில் பதிய லெட்டர்ஹெட்டில் கடிதம், கையெழுத்திட அதிகாரம் உள்ளவரின் ஒப்பம், முத்திரை எல்லாம் வேண்டும். அவர்கள் அத்தனையும் செய்து கொடுத்தார்கள். அப்போதும் ஆத் ஃபெயில்.

விடை அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது. எஸ்எஸ்ஹெச் சர்வர் இணைந்ததும் முதல் வரியில் தன் மென்பொருளையும் பதிப்பையும் சொல்லும், அதுதான் பேனர். வங்கி ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8-க்கு மாறியிருந்தது. 2021 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பில், ஆர்எஸ்ஏ சாவியால் ஷா-1 முறையில் போடும் கையெழுத்தை ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். ஷா-1 உடையும் என்று 2017-லேயே கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் செய்து காட்டியிருந்தன. அதைவிட மோசமான தாக்குதலை 50 ஆயிரம் டாலருக்குள் நடத்தலாம் என்று 2020-ல் தெரியவந்தது. எங்கள் ஜேஎஸ்சிஎச் 2018-ல் வந்த கடைசிப் பழைய பதிப்பு, ஷா-1 தவிர வேறு விதமாக ஆர்எஸ்ஏ கையெழுத்துப் போடத் தெரியாது. சாவியை மாற்றவே தேவையில்லை, அதே ஆர்எஸ்ஏ சாவியால் ஷா-2 கையெழுத்தும் போடலாம். வேறொருவர் தனியாகக் கிளைத்தெடுத்துப் பராமரித்துவந்த புது ஜேஎஸ்சிஎச்சை எடுத்துப் போட்டதும் இணைந்தது. வங்கிப் பக்கத்து லாகில் எந்தக் கையெழுத்து முறை மறுக்கப்பட்டது என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. முதல் நாளே அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு துணுக்கு உண்டு. சர்வர் புதுப் பதிப்புக்கு மாறியபோது, அது முன்வைத்த ஹோஸ்ட் கீயின் வகையும் மாறியிருந்தது. ‘நோ’ இல்லாமல் இருந்திருந்தால், ஆத் ஃபெயிலுக்கு முன்பே ‘இந்த ஹோஸ்ட் கீயை எனக்குத் தெரியாது’ என்று லைப்ரரி நிறுத்தியிருக்கும். அந்தப் பக்கம் சர்வரில் கை வைத்திருக்கிறார்கள் என்று முதல் நிமிடமே தெரிந்திருக்கும். மண்டியாக்காரரை நான் அலையவிட்ட அலைச்சலும், வாடிக்கையாளர் கொடுத்த லெட்டர்ஹெட்டும் எல்லாம் 2019-ல் நான் போட்ட வரிக்குக் கட்டிய வட்டி. மண்டியாக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. ‘லைப்ரரி பிரச்சினை’ என்று மட்டும் மெயில் போட்டேன். இந்த முறை அது உண்மையாகவும் இருந்ததால் கூச்சமே இல்லை.

அந்தச் சமயத்தில் வாடிக்கையாளர்கள் திடீரென்று கேள்வித்தாள் அனுப்ப ஆரம்பித்தார்கள். 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டிருந்தது. கணினிப் பாதுகாப்பு மீறல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம். ஒரு பெரிய கார்மென்ட்ஸ் வாடிக்கையாளர் வெளித் தணிக்கையாளரை வைத்து எங்கள் இணைப்புக் கோடைப் பார்க்கச் சொன்னார்கள். தணிக்கையாளர் முதலில் எடுத்துக் காட்டியதே அந்த வரியைத்தான்.

வீடியோ மீட்டிங். மேனேஜர் திரையைப் பகிர்ந்து, அந்த ஃபைலில் கிட் பிளேம் போட்டார். வரிக்கு வரி யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று காட்டும் கட்டளை அது. கடைசியாகத் தொட்டவர், எழுதியவர் அல்ல. ‘நோ’ இருந்த வரிக்கு இடப்பக்கம் கேஜிஎஃப் பையனின் பெயர் இருந்தது. மேனேஜர் அவன் பெயரைச் சொல்லி, “இது ஏன் இப்படி இருக்கு?” என்றார்.

ஸ்பேஸ் மாற்றங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்க பிளேமிலேயே ஒரு வழி இருக்கிறது. இல்லையென்றால் கிட் லாகில் பெரிய எஸ் போட்டு அந்தச் சொல்லைக் கொடுத்தால், அது முதன்முதலில் எந்த கமிட்டில் நுழைந்தது என்று கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். 2019 நவம்பர் 7, மாலை, என் பெயர். எனக்கு அந்தக் கட்டளை நன்றாகத் தெரியும். யாரும் அதை அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மைக் ம்யூட்டில் இருந்தது. அதைத் தட்டி ‘அது நான் எழுதினது சார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பையன் சில நொடி பேசவில்லை. “ஓகே சார், ஃபிக்ஸ் பண்ணிடறேன்” என்றான். எல்லா வங்கிகளிடமும் ஃபிங்கர்பிரின்ட் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கீ மாறினால் நிற்கவும் லாகில் எழுதவும் வைத்து, அந்த வரியை எடுத்தவன் அவன்தான். ஒழுங்காகவும் செய்தான். மீட்டிங் முடிந்த பிறகாவது தனியாக அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம், கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அவன் வேலை மாறிச் சென்னைக்குப் போனான். பிரிவு மீட்டிங்கில் அவனைப் புகழ்ந்து நான்தான் அதிகம் பேசினேன்.

2023 மார்ச் 24-ல் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது. தனிச்சாவி தவறுதலாகக் கொஞ்ச நேரம் ஒரு பொது ரெப்பாசிட்டரியில் வெளியே தெரிந்துவிட்டதாம். அந்த நிறுவனம் அதை ஒளிக்காமல் எழுதிவிட்டுக் கீயை மாற்றியது. உலகமெங்கும் டெவலப்பர்களின் திரையில் ‘எதிர்ப்பக்கத்தின் அடையாளம் மாறியிருக்கிறது’ என்ற பெரிய எச்சரிக்கை வந்தது. அன்று எங்கள் குழுவிலும் பலர் அதைப் பற்றிப் பேசினார்கள். தவறு செய்தவர் அதைச் சொல்வதைப் படிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அந்தப் பேச்சில் நான் கலந்துகொள்ளவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் ஆள் எடுக்கும் நேர்காணல்களை நான் நடத்துகிறேன். என் கேள்விகளில் ஒன்று: எஸ்எஃப்டிபி இணைப்பில் ஹோஸ்ட் கீ மாறியதாகப் பிழை வருகிறது, சம்பள நாள், வங்கி போனை எடுக்கவில்லை, என்ன செய்வீர்கள்? போன மாதம் ஓர் இளைஞர் தயங்காமல், “தற்காலிகமா செக்கிங்க ஆஃப் பண்ணிட்டு அனுப்பிடுவேன் சார், அப்புறம் மாத்திடுவேன்” என்றார். ‘பாதுகாப்பு உணர்வு போதாது’ என்று படிவத்தில் எழுதி நிராகரித்தேன். எழுதி முடித்த பிறகு அந்தப் படிவத்தை அனுப்பக் கை வரவில்லை. ஆனாலும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் பழைய மேனேஜருக்கும் அந்தப் பையனுக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதினேன். சுற்றி வளைக்காமல், 2019 முதல் மீட்டிங் வரை நடந்ததை அப்படியே. மேனேஜர் ஒரு கட்டைவிரல் அனுப்பி, “பழைய கதை, விடுங்க” என்றார். பையனின் பதில் அடுத்த நாள் சாயங்காலம் வந்தது.

“தெரியும்ணா. அன்னிக்கு மீட்டிங் முடிஞ்சதுமே லாக் போட்டுப் பாத்தேன். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். இப்ப சொல்றது பரவால்ல, ஆனா எனக்கு அந்த வருஷ அப்ரைசலுக்கு முன்னாடி வேண்டியிருந்தது.”